மெருகு வேறு, பூச்சு வேறு

பளபளப்பு என்றால் நமக்குப் பைத்தியம். பாத்திரக் கடையில் பளபளப்பு, ஜவுளிக் கடையில் பளபளப்பு, கல்யாணப் பத்திரிகையில் பளபளப்பு. இவற்றையெல்லாம் மன்னித்துவிடலாம். மரச் சாமானிலும் பளபளப்பைத் தேடுகிறோமே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

கடைசல் பிடித்த மரச் சாமான்கள் நம் வீடுகளில் எத்தனை இருக்கின்றன என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள். பூரிக் கட்டை, மோர் கடையும் மத்து, கட்டில் கால், தொட்டில் கம்பு, நடைவண்டியின் சக்கரம், பம்பரம், கிலுகிலுப்பை, பெண் குழந்தைகளின் சொப்பு. எல்லாம் கை படுகிற சாமான்கள். பாதிக்கு மேல் வாயும் படுகிற சாமான்கள். இவற்றை வாங்கும்போது நாம் என்ன பார்க்கிறோம்? கடைக்காரர் எடுத்து நீட்டியதை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறோம். விளக்கின் சாயல் அதில் விழுந்தால் நல்ல சாமான். விழாவிட்டால் மட்டமான சாமான். மரம் என்ன மரம், ஈரம் வற்றியதா, மேலே பூசியிருப்பது என்ன, அது குழந்தையின் வயிற்றுக்குள் போகலாமா என்று ஒரு கேள்வி கிடையாது.

இந்தப் பழக்கத்தின் மீது நான் வழக்குத் தொடுக்கிறேன். பிரதிவாதி கடைசல்காரர் அல்ல. வாங்குகிற நாம்தான்.

இதில் எனக்கு அதிகமாக வருத்தம் தருகிற விஷயம் ஒன்று உண்டு. நான் இருப்பது ஒடுகத்தூர். தெற்கே ஜவ்வாது மலை, மேற்கே ஆம்பூர். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று இந்த வட்டாரமே தோலால் பிழைக்கிற வட்டாரம். வெள்ளிக்கிழமை கூடுகிற எங்கள் ஊர் ஆட்டுச் சந்தையில்கூட, ஆட்டின் கறியைக் கணக்குப் போடும்போதே தோலையும் சேர்த்துக் கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. தோல் மண்டியில் தரம் பிரிக்கிறவரைக் கவனித்திருக்கிறீர்களா? பளபளப்பைப் பார்த்து அவர் ஏமாறமாட்டார். கட்டை விரலால் தடவுவார், மடித்துப் பார்ப்பார், மயிர்க்கால் தெரிகிறதா என்று கண்ணருகே வைத்துப் பார்ப்பார். உயர்ந்த தோலுக்கு மெல்லிய பூச்சு போதும். முள் கீறிய தழும்பும், உண்ணி கடித்த வடுவும் உள்ள தோலைத்தான் மேலே தேய்த்துவிட்டு, கனமாக வர்ணம் பூசி, அதன் மேல் அச்சுப் போட்டு மயிர்க்காலைப் பொய்யாக வரவழைப்பார்கள். குறை எவ்வளவோ, பூச்சு அவ்வளவு. இந்தப் பாடத்தை எங்கள் வட்டாரத்துப் பையன்கள் பள்ளிக்கூடம் போகாமலே தெரிந்துகொள்கிறார்கள். அப்படிப்பட்ட ஊர்க்காரர்களே மரச் சாமான் கடைக்குள் நுழைந்ததும் கண்ணை மூடிக்கொண்டு பளபளப்புக்குப் பணம் கொடுக்கிறார்கள் என்றால், வருத்தப்படாமல் என்ன செய்வது?

மரத்திலும் அதே கதைதான். சரியாகக் காயாத கட்டை, வாய்ச்சி பட்ட வடு, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கச் சோம்பல்பட்ட இடம், மக்குக் கொண்டு அடைத்த ஓட்டை இத்தனையையும் கனமான வார்னிஷ் ஒன்று மூடிவிடும். எண்ணெய் மூடாது. எண்ணெய் போட்டால் தேய்க்காமல் விட்ட கோடு இன்னும் பளிச்சென்று தெரியும். அதனால் எண்ணெய் போட்ட சாமானை விற்க வருகிறவர், தம் வேலையை நம் முன்னால் விரித்துக் காட்டுகிறார் என்று அர்த்தம். இதைத்தான் நான் மெருகு என்கிறேன். மூடி மறைப்பதற்குப் பூச்சு என்று பெயர்.

எண்ணெய் என்று சொன்னவுடன் அடுப்பங்கரைக்கு ஓடிவிடாதீர்கள். தேங்காய் எண்ணெய் மரத்தில் ஊறும். ஆனால் என்றைக்கும் இறுகாது. கடலை எண்ணெயும் அப்படித்தான். நல்லெண்ணெய் அரைகுறை. இவற்றைத் தடவி வைத்தால் தூசி ஒட்டும். நாளாக நாளாகச் சிக்கு வாடை வரும். உலரும் எண்ணெய் வேறு ஜாதி. அதில் முக்கியமானது ஆளிவிதை எண்ணெய். அது தண்ணீர் வற்றுவதுபோல வற்றி உலர்வதில்லை. காற்றிலுள்ள பிராணவாயுவைக் குடித்துக் குடித்து, மரத்தின் நாருக்குள்ளேயே பிசினாக இறுகிவிடுகிறது. குடித்த வாயுவினால் அதன் எடைகூடக் கொஞ்சம் ஏறும். இறுகும்போது சூடும் வெளிப்படும். அந்தச் சூட்டை அலட்சியம் செய்யக்கூடாது. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால் அது தானாகவே பற்றிக்கொள்ளும். 1991 பிப்ரவரியில் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து 38 மாடிக் கட்டடம் ஒன்று இப்படிப்பட்ட துணிகளால் தீப்பிடித்து எரிந்தது. மூன்று தீயணைப்பு வீரர்கள் மாண்டார்கள். துணியை விரித்துக் காயப்போடுவதோ தண்ணீரில் முக்கி வைப்பதோ அரை நிமிஷ வேலை.

போடுகிற முறையில் ரகசியம் ஒன்றுமில்லை. கடைசலில் மழமழவென்று தேய்த்து முடித்த சாமானில் துணியால் எண்ணெயைத் தடவ வேண்டும். கால் மணி நேரம் ஊறவிட்டு, மிச்சத்தைத் துளி விடாமல் துடைத்துவிட வேண்டும். துடைக்காமல் விட்டால் பிசுபிசுவென்று தோல் கட்டும். ஒரு நாள், இரண்டு நாள் காயவிட்டு மறுபடி தடவ வேண்டும். இப்படி நாலைந்து தடவை. பிறகு வருஷத்துக்கு ஒரு தடவை வீட்டிலேயே தடவிக்கொள்ளலாம். சனிக்கிழமை தவறாமல் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்ட பரம்பரைக்கு இது ஒரு பாரமா?

கடையில் இரட்டைக் கொதி எண்ணெய் என்று ஒன்று விற்கிறார்கள். சீக்கிரம் உலர்வதற்காக அதில் உலோக உப்புகளைச் சேர்ப்பது உண்டு. கட்டில் காலுக்கு அது போதும். வாயில் படும் சாமானுக்கு வேண்டாம் என்பது என் கட்சி. ஒன்றும் கலக்காத எண்ணெய் காய வாரக்கணக்கில் ஆகும், ஆகட்டுமே.

இனி அரக்குக்கு வருவோம். அரக்கு என்றதும் பாரதம் கேட்டவர்களுக்குத் துரியோதனன் கட்டிய மாளிகை நினைவு வரும். அடகுக் கடைப் படி ஏறியவர்களுக்கு, நகைக்குள் இருக்கும் அரக்கைக் கழித்துவிட்டு எடை சொல்லும் சேட்டின் முகம் நினைவு வரும். புரசு, இலந்தை போன்ற மரங்களின் கிளைகளில் அண்டி வாழும் ஒரு சின்னஞ்சிறு பூச்சி உமிழ்கிற பிசின்தான் அரக்கு. கிளையோடு சேர்த்து எடுத்தால் கொம்பரக்கு. அதைச் சுத்தம் செய்து, உருக்கி, தகடாக இழுத்து நொறுக்கினால் அவலரக்கு. அவல் போலவே இருக்கும். நம் பாட்டனார் காலத்துக் கிராமபோன் தட்டு இந்த அரக்கில் செய்ததுதான். இன்றைக்கும் மிட்டாய்க்கும் மாத்திரைக்கும் மேல் மினுமினுப்பாகப் பூசுவது இதைத்தான். இதற்கென்றே ராஞ்சிக்குப் பக்கத்தில் நாம்கும் என்ற இடத்தில் 1924-ல் ஓர் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது என்றால் இதன் பெருமையை ஊகித்துக்கொள்ளலாம்.

கடைசல் மரத்துக்கு அரக்கு ஏற்றுவதைப் போல அழகான வேலை வேறு ஒன்றை நான் பார்த்ததில்லை. டப்பா கிடையாது, தூரிகை கிடையாது, கரைக்கும் திரவம் கிடையாது. அரக்கைக் கரி நெருப்பில் இளக்கி, வர்ணத்தோடு பிசைந்து, குச்சியாக உருட்டி வைத்திருப்பார்கள். சாமான் கடைசலில் சுற்றிக்கொண்டிருக்கும்போதே அந்தக் குச்சியை அதன் மேல் அழுத்துவார்கள். உராய்கிற சூட்டிலேயே அரக்கு இளகி மரத்தில் பற்றிக்கொள்கிறது. பிறகு தாழை மடலை வைத்து அழுத்தித் தேய்த்தால் அது ஒரே சீராகப் பரவி, உள்ளிருந்து வருவதுபோல ஓர் ஒளி எழும்புகிறது. இறக்கி வைத்த மறு நிமிஷம் கையில் எடுத்துக்கொள்ளலாம். காய வேண்டிய அவசியமே இல்லை. செலவாவது நேரம் அன்று, கை. எவ்வளவு அழுத்துவது, எப்போது நிறுத்துவது என்பது அந்தக் கைக்குத்தான் தெரியும்.

கர்நாடகத்தில் பெங்களூரிலிருந்து மைசூர் போகும் சாலையிலுள்ள சென்னபட்டணம், ஆந்திரத்தில் ஏட்டிக்கொப்பாக்கா, நம் பக்கத்தில் தாமிரபரணிக் கரை அம்பாசமுத்திரம் ஆகிய மூன்று ஊர்களும் இந்தக் கையினால் பெயர் பெற்றவை. அம்பாசமுத்திரத்துச் சொப்புக்கு மஞ்சக்கடம்பு. மற்ற இரண்டு ஊர்களிலும் வெட்பாலை. இந்த வெட்பாலை எங்களுக்கு அந்நியமில்லை. ஜவ்வாது மலைக் காட்டில் நிற்கிற மரம்தான். சொறி சிரங்குக்கும் செதில் உதிர்வதற்கும் தைலம் காய்ச்ச அதன் இலையைப் பறித்து வருகிறார்கள். அதே மரத்தின் வெள்ளைக் கட்டையில் பொம்மை கடைந்து அரக்கு ஏற்றி உலகமெல்லாம் அனுப்புகிறார்கள், மற்றவர்கள். நாம் இலையோடு திருப்தி அடைந்துவிட்டோம்.

அப்படியானால் டப்பாவில் வருவது என்ன? நைட்ரோ செல்லுலோஸ் என்பது பருத்தி நாரை அமிலத்தில் ஊறவைத்துச் செய்வது; வெடிமருந்துக்கு ஒன்றுவிட்ட சகோதரன். 1920-களில் அமெரிக்க மோட்டார்க் கார்த் தொழிற்சாலைகளில் வாரக்கணக்கில் நடந்த வர்ண வேலையைச் சில மணி நேரத்தில் முடிக்க வைத்த பெருமை அதனுடையது. அதைத் தின்னரில் கரைத்துத்தான் பீச்சியடிக்க வேண்டும். மெலமைன் என்பது அமிலம் சேர்த்து இறுகச் செய்வது. இறுகும்போது பார்மால்டிஹைடு ஆவி வரும். பாலியூரித்தேன் என்பது மரத்துக்குப் போர்த்திய பிளாஸ்டிக் உறை. மூன்றுக்கும் அவசரம்தான் பொதுவான குணம். தொழிற்சாலையில் காற்றை இழுத்து வெளியேற்றும் அறை, முகமூடி எல்லாம் இருக்கும். நம் ஊர்த் தகரக் கொட்டகையில் கைக்குட்டைதான் இருக்கும்.

எனக்குத் தெரிந்த கடைசல்காரர் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசினேன். நாற்பது வருஷமாகக் கட்டை கடைகிறவர்.

“எண்ணெய் போட்டுக் குடுத்தா, ‘இன்னாய்யா, பழைய சாமான் மாதிரி கீது’ன்னு கடையில திருப்பி அனுப்பிடறாங்க சார். அதே கட்டைக்கு வார்னிஷ் அடிச்சுக் குடுத்தா இருபது ரூபா சேர்த்துத் தராங்க. நான் இன்னா பண்றது, சொல்லுங்க?”

“தின்னர் நாற்றம் உங்களை ஒன்றும் செய்யவில்லையா, மேஸ்திரி?”

“செய்யாம இன்னா? ராத்திரியானா தலை வலி. குழம்பு வாசனையே தெரியறதில்ல சார். வூட்டுல உப்பு இருக்கா இல்லையான்னு கேட்டா, நாக்குல வெச்சுத்தான் சொல்றேன்.”

குழம்பு வாசனை தெரியாமல் போனது எதற்காக? நம்முடைய பூரிக் கட்டையில் விளக்கின் சாயல் விழுவதற்காக. அந்தச் சாயலும் எத்தனை நாளைக்கு? மாவும் தண்ணீரும் பட்டுப் பட்டு, ஆறு மாதத்தில் பூச்சு ஓரத்தில் விண்டு, சருகு சருகாக உரிகிறது. உரிந்தது எங்கே போயிற்று என்று தேட வேண்டியதில்லை. பூரியில் போயிற்று.

என் கட்சிக்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றையும் நான் மறைக்க விரும்பவில்லை. “அரக்கும் பூச்சுதானே?” என்று கேட்கலாம். பூச்சுதான்; ஆனால் பழுது பார்க்கக்கூடிய பூச்சு. அரக்கு ஏற்றிய சாமான் கீறிப்போனால் மறுபடி கடைசலில் மாட்டி அரக்குக் குச்சியை வைத்தால், புதியது பழையதோடு உருகி ஒன்றாகிவிடும். எண்ணெய் போட்டதற்கு இன்னொரு கை எண்ணெய் போதும். பாலியூரித்தேன் உரிந்தால் அதன் மேல் புதிதாகப் பூசுவது பழையதோடு கலக்காது. எல்லாவற்றையும் சுரண்டி எடுக்க வேண்டும். யார் சுரண்டுகிறார்கள்? தூக்கி எறிந்துவிட்டு வேறு வாங்குகிறோம். ஜப்பானில் அரக்கு வேலை என்று நாம் சொல்வது உண்மையில் பூச்சி அரக்கு அன்று. முந்திரிக்கும் மாவுக்கும் உறவான ஒரு மரத்தின் பால். அந்த ஊர்க்காரர்கள் அந்தக் கிண்ணம் தேய்ந்துபோனால் பட்டறைக்கு அனுப்பி மறுபடி மெருகேற்றி வாங்கி, பேரன் காலம் வரை வைத்துக்கொள்கிறார்கள். அவர்களை யாரும் பழைய பஞ்சாங்கம் என்று சொல்வதில்லை.

“சாப்பாட்டு மேஜைக்கு என்ன செய்வது?” என்றால், அங்கே என் வழக்கு இல்லை. கொதிக்கிற காப்பி டம்ளரை வைத்தால் அரக்கு வெளுத்துவிடும், சாராயத்தில் கரையும், சோடா உப்பிலும் கரையும். மேஜைப் பலகைக்குப் பாலியூரித்தேன் போட்டுக்கொள்ளுங்கள். அதே காரணத்தால் பூரிக் கட்டைக்கு அரக்கு வேண்டாம். சும்மா விடுங்கள், அல்லது கலப்பில்லாத எண்ணெய் போடுங்கள். பொம்மைக்கும் பம்பரத்துக்கும் தொட்டில் கம்புக்கும் அரக்கு. எதற்கு எது என்று தெரிந்து செய்வதுதான் தொழில்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. “இயற்கை” என்று ஒரு சீட்டு ஒட்டியிருந்தால் போதும், இவர்களுக்குக் கண்ணில் நீர் வந்துவிடும். அரக்கு இயற்கைதான், அதில் பிசைந்த வர்ணம்? ஈயம்கூட இயற்கையில் கிடைப்பதுதானே! குழந்தைக்கு ஆபத்தில்லாத ஈயத்தின் அளவு என்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஏட்டிக்கொப்பாக்காவில் சி. வி. ராஜு என்பவர் இதைப் பற்றிக் கவலைப்பட்டார். வித்துக்களிலும் வேர்களிலும் இலைகளிலும் இருந்து சாயம் எடுத்து அரக்கில் கலக்கும் முறையைத் தம் ஊர்க் கடைசல்காரர்களிடையே பரப்பினார். 2023-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. சீட்டு ஒட்டுவது அரை நிமிஷம். இந்த வேலைக்கு அவருக்குப் பல வருஷங்கள் ஆயின.

சட்டம் பார்த்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். ஓரளவு பார்த்துக்கொள்கிறது. வீட்டு வர்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்று 2016-ல் விதி வந்து மறு வருஷம் அமலாயிற்று. பொம்மைகளுக்குத் தர முத்திரை கட்டாயம் என்ற உத்தரவு 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்வதற்கும், புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் அதிலிருந்து விலக்கு உண்டு. நியாயமான விலக்குதான். குடிசையில் கடைகிறவர் சோதனைச் சாலைக் கட்டணத்துக்கு எங்கே போவார்? ஆனால் சட்டம் கேட்காமல் விட்ட கேள்வியை வாங்குகிறவர் கேட்டாக வேண்டும். நாம் கேட்கிற ஒரே கேள்வி, “இதைவிடப் பளபளப்பாக இல்லையா?” என்பது.

அவசரத்துக்கு ஒரு விலை உண்டு என்பதை எங்கள் வட்டாரத்துக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டாம். ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் தோல் பதமாக வாரங்கள் ஆகும். குரோமியத்தில் ஒரு நாள், இரண்டு நாளில் ஆகிவிடும். 1970-களில் அரைப் பதத் தோல் ஏற்றுமதியை அரசாங்கம் கட்டுப்படுத்தி, முழுதும் முடித்த தோலுக்கு ஊக்கம் கொடுத்தபோது குரோமியம் எங்கும் பரவியது. தோல் வேகமாக முடிந்தது. பாலாறும் அதே வேகத்தில் முடிந்தது. கடைசியில் வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில், 1996 ஆகஸ்டில், கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு சொல்ல வேண்டியதாயிற்று. அதற்குள் எத்தனை கிணறுகள் உப்பாகிவிட்டன! மிச்சப்பட்ட வாரங்களின் விலையைத் தோல் வாங்கியவர் கொடுக்கவில்லை. கிணற்றுக்குச் சொந்தக்காரர் கொடுத்தார். கடைசல் பட்டறையிலும் அப்படியே. வார்னிஷ் மிச்சப்படுத்துகிற நாலு நாளின் விலையை நாம் கொடுக்கவில்லை. குழம்பு வாசனை தெரியாத அந்த மனிதர் கொடுக்கிறார். வாயில் வைத்துச் சப்புகிற குழந்தையும் கொஞ்சம் கொடுக்கிறது.

ஆகவே, சகோதரிகளே, சகோதரர்களே, அடுத்த முறை கடைசல் சாமான் வாங்கும்போது விளக்கைப் பார்க்காதீர்கள். தோல் மண்டிக்காரரைப்போலக் கட்டை விரலால் தடவிப் பாருங்கள். மரம் என்ன என்று கேளுங்கள். மேலே போட்டிருப்பது என்ன என்று கேளுங்கள். உரிந்தால் யார் சரி செய்து கொடுப்பார்கள் என்று கேளுங்கள். மூன்று கேள்விக்கும் பதில் சொல்லத் தெரிந்தவர் பெரும்பாலும் தாமே கடைந்தவராக இருப்பார். அவர் சொல்கிற விலையில் பேரம் பேச வேண்டாம். எண்ணெய் போட்ட கட்டையைத் திருப்பி அனுப்பிவிட்டு வார்னிஷ் போட்ட கட்டைக்குச் சேர்த்துக் கொடுக்கிறார்களே இருபது ரூபாய், அந்த இருபது ரூபாய் கடைக்காரர் பையிலிருந்து வருவதில்லை. அது நம்முடைய பணம். அதை இந்தப் பக்கம் கொடுக்கத் தொடங்கினால், தின்னர் டப்பாவை மூடச் சொல்லி யாரும் உத்தரவு போட வேண்டியதில்லை. கடைசல்காரரே மூடிவிடுவார்.